பதினெட்டு நடக்குது

போன வாரம் உத்திரமேரூர் பஸ்ஸில் ஒரு அம்மா, கால் தரையில் இழுபடும் பையனை மடியில் வைத்துக்கொண்டு, "அஞ்சுதான் நடக்குதுங்க" என்றார். கண்டக்டர் பையனைப் பார்த்து, "நடக்குதா? ஓடிக்கினு இல்ல கீது" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த 'நடக்குது'வைச் சிரிப்பில்லாமல் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு ஒரு கிறுக்கு. பிறந்த தேதியைக் கொடுத்தால் வருடம், மாதம், நாள் என்று வயதைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதிப் போனில் வைத்திருந்தேன். முதல் தடவை என் நைனாவுக்கு மைனஸ் மூன்று நாள் காட்டியது. "மூணு நாள எங்க தொலச்ச? தேடிக் குடு" என்றார். நாள் போதாவிட்டால் மாதத்திலிருந்து எடுத்துக் கழிக்க வேண்டும், அதை மறந்திருந்தேன். சரிசெய்த பிறகு தெருவில் ஒருவரையும் விடவில்லை.

பக்கத்து வீட்டு சுமதி என் வகுப்புதான். பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே அவளுக்கு மாகறலில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். "பதினெட்டு நடக்குது" என்று அவள் அப்பா எல்லோரிடமும் சொன்னார். பொய்யில்லை. எங்கள் பக்கம் பதினேழு முடிந்த அன்றே பதினெட்டு நடக்கத் தொடங்கிவிடும். சட்டம்தான் முடிந்ததைக் கேட்கும். சுமதிக்கு நர்சிங் படிக்க வேண்டும்.

பெண் பார்க்க வரும் அன்று காலை குழாயடியில் என்னைப் பிடித்தாள். "நான் சொன்னா அடிப்பாரு. உன் போனு சொன்னா இன்னா பண்ணுவாரு? அவங்க உக்காந்துகினு இருக்கறப்ப கேக்கறேன். தப்பா மட்டும் காட்டிடாதடி."

சாயங்காலம் வந்தவர்களிடம் கேசரித் தட்டை நீட்டியபடி என்னைக் காட்டி, "இவ போன்ல வயசு கரெக்டா வரும்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கேட்டார். "அம்மாடி, இவ்ளோ ஆயிப்போச்சா" என்று சிரித்தார். அடுத்து சுமதி தன் தேதியைச் சொன்னாள். என் கட்டைவிரல் இரண்டு முறை தப்பாக அழுத்தியது.

"படிம்மா" என்றார் அந்த அம்மா.

"பதினேழு வருஷம், ரெண்டு மாசம்..."

"அதான், பதினெட்டு நடக்குது" என்றார் சுமதியின் அப்பா.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். "நடக்குதா, முடிஞ்சிச்சாண்ணா?"

அதுவரை தரையையே பார்த்திருந்த மாப்பிள்ளை, "முடியலன்னா கேஸாயிடும்மா. கம்பெனில வேல போயிடும்" என்றான்.

"முடியட்டும். அப்பால பேசிக்கலாம்" என்றார் அந்த அம்மா. எழுந்துவிட்டார்கள்.

அவர்கள் வந்த வேன் தெரு திரும்பும்வரை அசையாமல் நின்ற சுமதியின் அப்பா, என் பக்கம் திரும்பினார். "உன்ன எவ கணக்குப் போடச் சொன்னது? வூட்டுக்குப் போ. இந்த வாசல மிதிக்காத."

மாகறல்காரர்கள் திரும்பி வரவில்லை. சுமதி பரீட்சை எழுதினாள். இப்போது செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போய்வந்த வேலிச் சந்தில் தகரம் அடித்தாகிவிட்டது. தெருவில் இப்போது யாரும் என்னிடம் பிறந்த தேதி சொல்வதில்லை. என் தலையைக் கண்டால் பேச்சு மழைக்கும் நெல்லுக்கும் தாவிவிடுகிறது.

நேற்று சுமதியின் மெசேஜ்: "ஞாயித்துக்கெழம தங்கச்சியப் பாக்க வராங்களாம். அதுக்கும் பதினெட்டு நடக்குதாம். என்னைய வர வேணாம்னுட்டாரு அப்பா. நீ போவியா?"

"போறேன்" என்று அனுப்பினேன். இந்த முறை விளையாட்டாகக் கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நானாகத்தான் வாயைத் திறக்க வேண்டும்.