ஏறிய பிறகு காணாமல் போன ரேம்ப்

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், நந்திதுர்க் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகம். அதன் நான்கு படிகளுக்கும் என் சக்கர நாற்காலிக்கும் ஆறு வருடப் பகை.

இன்று போனால் படிகளின் மேல் புத்தம்புது இரும்பு ரேம்ப். யார் கையும் படாமல் நானே ஏறினேன். ஓர் அதிகாரி போட்டோகூட எடுத்தார்.

ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் வாசலுக்கு வந்தேன். ரேம்ப் இல்லை. வேறு வாசலோ என்று உள்ளே போய் மறுபடியும் வந்து பார்த்தேன். அதே வாசல்தான்.

வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"இன்னா பண்றதும்மா, அது நம்மூர் மைசூர் மைன்ஸ் பக்கத்து ஆபீசுக்குப் போயிருக்குது. அங்கயும் இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன்."

"அப்போ நான் எப்படி எறங்கறது?"

படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏறினதுக்குத்தான் போட்டோ எட்த்தாங்க. எறங்கறது பத்தி ஒண்ணும் சொல்லலியே."

பெஞ்சில் இருந்த பென்ஷன்காரர், மைன்ஸில் வேலை பார்த்தவர், தலையை ஆட்டினார். "சுரங்கத்துக்குள்ள கேஜ் லிஃப்ட்ல எறக்கினவன், திருப்பி மேல ஏத்தாம போனதே இல்லம்மா."

நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்குகிறோம் என்கிறார்கள். அதற்கு நான் ஏன் தனியாக ஏறினேன் என்று எனக்கே புரியவில்லை.

மைசூர் மைன்ஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? ஐந்தரைக்கு ஆபீசைப் பூட்டுவார்களாம். ரேம்ப் திரும்பி வருகிறதா, இல்லை அப்படியே அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பங்காருபேட்டைக்குப் போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.