சாலையைக் கடக்கப் பதினெட்டு விநாடி

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருப்பவரை எல்லோரும் பச்சையண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவர் சிக்னல் மெக்கானிக். சந்திப்பின் ஓரத்தில் நிற்கும் சாம்பல் நிற இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, சாலையின் மறுமுனையில் இருக்கும் கூட்டாளியிடம் போனில் "பச்சை வருதா, பச்சை வருதா" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவருடைய பிழைப்பு. இருபத்தாறு வருடமாக அதே கேள்வி.

ஊரில் நூற்றுப் பத்து பெட்டிகள் இருந்தன. எந்தப் பெட்டிக்குள் எறும்பு புற்று வைக்கும், எதில் பல்லி குடியிருக்கும், எது மழை பெய்தால் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சாலைகளில் அவர் நடந்ததே இல்லை. ஏணி வைத்த வண்டியில் வந்து இறங்குவார். பெட்டிவரை பத்தடி நடப்பார். வேலை முடிந்தால் மறுபடி வண்டி. இதை அவரே பின்னாளில் என்னிடம் சொன்னார். அதற்கு முன் அவருக்கே அது தோன்றியிருக்காது.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். எங்களுக்குத் தையலக்கா. கூடத்தில் பாதி இடம் வெட்டுமேசைக்கு, மீதியில் தையல் இயந்திரமும் இரண்டு நாற்காலியும். வீட்டுக்காரர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அக்கா நாற்பது பேசி முடித்திருப்பார். பால்கனியில் நின்றால் கீழே சந்திப்பு தெரியும். நாற்பத்தொன்றாம் எண் பெட்டி எங்கள் வாசலை ஒட்டியே இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு திட்டு இருந்தது. பாதிச் சாலையைக் கடந்தவர்கள் அதில் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைக் கடப்பார்கள். வலப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று திட்டை இடித்தார்கள். நடப்பவர்களுக்கு இருபத்தெட்டு விநாடி இருந்த பச்சை பதினெட்டானது. பச்சையண்ணன்தான் பெட்டியைத் திறந்து மாற்றினார். பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டு மேலே வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சாலை இருபத்திரண்டு மீட்டர். விநாடிக்கு ஒன்றே கால் மீட்டர் மனிதன் நடப்பான் என்று அவர்களுடைய கையேட்டில் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் பதினெட்டுக்குள் வந்துவிடும்.

அந்த வருடம் தையலக்காவுக்குத் துணி குறைந்தது. எதிர்ப்பக்கக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து அளவு கொடுக்கும் தாய்மார்கள் மெல்ல மெல்ல வராமல் போனார்கள். இப்போதெல்லாம் எல்லோரும் கடையில் தைத்ததை வாங்கிவிடுகிறார்கள் என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அக்காவும் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டார்.

போன வருடம் ஒரு காலையில் துணி வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு இடது கை மேசையிலிருந்து தானாக நழுவியது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை. நல்லவேளையாக அண்ணன் வீட்டில் இருந்தார். நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினேழு நாள் மருத்துவமனை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. "அது போயிருந்தா இவரு நிம்மதியா இருந்திருப்பாரு" என்று அக்காவே படுக்கையில் கிடந்தபடி நர்சிடம் சொன்னார். ஆனால் இடது காலை இழுத்து இழுத்துத்தான் வைக்க முடிந்தது.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர். அந்த மையம் எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே. பால்கனியிலிருந்து அதன் நீலப் பலகையைப் படிக்கலாம். முதல் இரண்டு வாரம் வாடகைக் காரில் கூட்டிப்போனார். கார் இடப்பக்கமாகப் போய், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் பாலத்துக்குக் கீழே திரும்பி, நெரிசலில் ஊர்ந்து வரவேண்டும். அரை மணி நேரம் ஆகும். ஒரு ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தா தெரிகிறதே, அதற்கா கார் என்று கேட்டாராம். மூன்றாவது வாரம் அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "என்னங்க, நடக்கக் கத்துக்கத்தானே போறோம். நடந்தே போவோம்."

பச்சை விழுந்ததும் இறங்கினார்கள். அண்ணன் அவருடைய இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். முதல் பாதையைக் கடந்தார்கள், இரண்டாவதையும் கடந்தார்கள். மூன்றாவதில் கால் வைத்தபோது பச்சை மினுங்கத் தொடங்கியது. அக்காவின் செருப்பு கழன்றது. அவர் குனியப் போக, இவர் பிடித்து நிறுத்த, சிவப்பு விழுந்துவிட்டது. ஆறு வரிசை வண்டிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. முன்னால் திட்டு இல்லை, பின்னால் போகவும் வழியில்லை. அப்போது ஒரு பேருந்து ஓட்டுநர் தன் வண்டியைக் கொஞ்சம் குறுக்காக நகர்த்தி இரண்டு வரிசையை அடைத்துவிட்டு, கையை வெளியே நீட்டி மற்றவர்களை நிறுத்தினார். அவசரமில்லை, மெதுவாகப் போங்கள் என்பதுபோல அக்காவுக்குத் தலையை ஆட்டினார்.

எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, மருந்துக்கடைப் படியில் அக்காவை உட்காரவைத்தார். அக்கா சிக்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்கா கேட்டார்.

"எத்தனை விநாடி வச்சிருக்கு?"

"பதினெட்டு."

"யாரு வச்சா?"

"நான்தான்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா திட்டவில்லை. "உங்க புத்தகத்துல நடக்கிறவன் யாருங்க? அவன் காய்கறிப் பை தூக்கினதே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கழன்ற செருப்பை மாட்டச் சொல்லிக் காலை நீட்டினார். மாட்டிவிடும்போது இவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் விடுப்பு எடுத்தார். பதினோரு நாள் பால்கனியில் நாற்காலி போட்டு, கையில் ஸ்டாப்வாட்சும் மடியில் ஒரு நோட்டுமாக உட்கார்ந்தார். வேலை வெட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் கீழே கடப்பவர்களை ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார். கர்ப்பிணி, இருபத்தாறு. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்த அம்மா, இருபத்துநாலு. கண்ணாடி தூக்கிப்போகும் இரண்டு பேர், முப்பத்தொன்று. ஊன்றுகோலோடு வரும் எதிர்ப்பக்கத்து ஆசிரியர், முப்பத்தெட்டு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்றெண்பத்தொரு பேருக்குப் பதினெட்டு விநாடி போதவில்லை. கடைசிப் பக்கத்தில் தனியாக இன்னொரு பட்டியல். சாலை ஓரம்வரை வந்து, வண்டிகளைப் பார்த்து, திரும்பிப் போனவர்கள். முப்பத்தேழு பேர். அவர்களில் நான்கு பேர் தையலக்காவின் பழைய வாடிக்கைத் தாய்மார்கள். மேலேயிருந்தே அடையாளம் தெரிந்ததாம்.

அலுவலகத்தில் மனு கொடுத்தார். உதவிப் பொறியாளர் நல்ல மனிதர்தான். உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். அந்தச் சாலையில் ஒரு பச்சையில் கிளம்பிய வண்டி அடுத்த ஆறு சந்திப்பிலும் பச்சையையே பார்க்கும்படி எல்லாப் பெட்டிகளையும் கோத்திருக்கிறார்கள், ஒன்றில் கைவைத்தால் எல்லாம் குலையும், குழு கூடும்போது சொல்கிறேன் என்றார். குழு கூடவில்லை. மூன்று வாரம் அக்காவை வாடகைக் காரிலேயே கூட்டிப்போனார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பால் வாங்கப் போகிறவரைப்போலக் கீழே இறங்கி, நாற்பத்தொன்றாம் பெட்டியைத் திறந்தார். பதினெட்டை முப்பத்தெட்டு ஆக்கினார். பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு பதிவேடு தொங்கும். யார் எதை மாற்றினாலும் தேதி போட்டு, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் எழுதினார்.

அந்த முப்பத்தெட்டு ஒன்பது நாள் ஓடியது. அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போய் வந்தார். கடைசி இரண்டு தடவை தோளை விட்டுவிட்டு விரலை மட்டும் பிடித்திருந்தார். ஊன்றுகோல் ஆசிரியர் இந்தப் பக்கம் வந்து முடி வெட்டிக்கொண்டார். ஒரு தாய் இரட்டைப் பெண்களோடு மாடியேறி வந்து, இரண்டு பிள்ளைகளும் ஒரேயடியாக வளர்ந்துவிட்டார்கள் அக்கா என்று அளவு கொடுத்தார். கூடத்தில் மறுபடி சாக்பீஸ் தூள் பறந்தது. வண்டிகளும் தேங்கத்தான் செய்தன. பாலத்தடிவரை வால் நீண்டது. பத்தாம் நாள் அலுவலகத்துக்குப் புகார் போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டவர் செயற்பொறியாளர், நாற்பது வயது அம்மையார், அதிகம் பேசாதவர். மேசையில் அந்தப் பதிவேடு விரிந்திருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது எழுதிய வரியில் "காரணம்: மேலிட உத்தரவு" என்றும், கீழே புதிய வரியில் "காரணம்: என் மனைவியால் கடக்க முடியவில்லை" என்றும் ஒரே கையெழுத்தில் இருந்தது.

"பழுதுன்னு எழுதியிருக்கலாமே. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"பெட்டி நல்லா ஓடுது மேடம். அதைப் பழுதுன்னு எப்படி எழுதுறது?"

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. விதியை மீறியது தப்பு என்றார். தப்புதான் என்று இவரும் ஒப்புக்கொண்டார். அன்றைக்கே போய்ப் பதினெட்டை மறுபடி வைக்கச் சொன்னார். எழுந்திருக்கும்போது அண்ணன் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். அம்மையார் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் நின்றார். திரும்பிப் போனவர்களை எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார். வீடு மேலேதான், அவர்கள் முகம் தெரியும் என்றார் இவர். நோட்டு அங்கேயே இருந்துவிட்டது.

தன் கையாலேயே பதினெட்டை மறுபடி வைத்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. "ஒம்பது நாள் ராணி மாதிரி போயிட்டு வந்தேன். யாருக்குக் கிடைக்கும்?" என்று சொல்லி, அக்காதான் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மையாரை எங்கள் சந்திப்பில் நான் பார்த்தேன். குடையும் இரண்டு உதவியாளர்களுமாக வந்திருந்தார். உதவியாளர்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, தான் மட்டும் ஐந்து தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். நாலாவது தடவை காய்கறிக்காரியிடம் இரண்டு கனமான பைகளை இரவல் வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அப்போது அவர் யாரென்றே தெரியாது. வெயிலில் ஏதோ மூளை கலங்கிய அம்மா என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்துத் திரும்பும் பாதையை எடுத்துவிட்டு நடுத்திட்டை மறுபடி கட்டினார்கள். முன்பிருந்ததைவிட அகலமாக, பிடித்து நிற்கக் கம்பியோடு. ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனிப் பச்சை. பெட்டியைத் திறந்து மாற்றியது அண்ணன் இல்லை. அவரைத் தண்டனையாகக் கிடங்கு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். விளக்கும் கம்பியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. சாவிக்கொத்தை ஒப்படைத்த நாளை நினைத்தால் இன்றும் அவர் குரல் இறங்கிவிடும். கிடங்குக்குப் பேருந்தில் போகிறார். இறங்கி இருபது நிமிடம் நடக்கிறார். வழியிலுள்ள மூன்று சிக்னல்களைப் பற்றியும் அந்த அம்மையாருக்கு எழுதிப் போட்டிருக்கிறார். ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது.

சென்ற ஞாயிறு காலை அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவை வீட்டில் காணவில்லை. பதறிப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். இருவரும் பால்கனிக்கு ஓடினோம். அக்கா தனியாக, கைத்தடியோடு, எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். பேருந்து வந்தது. நடத்துநர் கை கொடுக்க, ஏறிவிட்டார். உடனே போன் அடித்தது.

"தங்கச்சியைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. அவ வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பேனே."

"அதனாலதான் சொல்லல."

அன்று பகல் முழுக்க மனிதர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வெட்டுமேசையைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். நாலு மணிக்கே பால்கனிக்கு வந்துவிட்டார். ஐந்தே காலுக்கு, ஊரைச் சுற்றிவரும் அதே பேருந்து எதிர்ப்பக்க நிறுத்தத்தில் வந்து நின்றது. அக்கா இறங்கினார். தங்கை கொடுத்தனுப்பிய பை ஒன்று தோளில் தொங்கியது. இவர் செருப்பைத் தேடிக்கொண்டு படிக்கு ஓடப் போனார். அக்கா கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்து, கைத்தடியை லேசாக உயர்த்தி, அங்கேயே இருங்கள் என்று காட்டினார். இவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.