மியூவான் நேராகத்தான் போகிறது

வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் மியூவான் என்ற துகள் எந்த வழியாகப் போனது என்று காட்டும் கருவியை அளந்து சரிபார்ப்பது, திருப்பதி ஆய்வகம் ஒன்றில் என் வேலை. மியூவான்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. உங்களுக்கும் மேலதிகாரி ஒருவர் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

நல்ல உத்தியோகம்

கருவி என்பது ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு தட்டுகள். துகள் கடக்கும்போது ஒவ்வொரு தட்டும் அது கடந்த இடத்தைச் சொல்லும். ஆறு புள்ளிகளையும் இணைத்தால் நேர்கோடு வரவேண்டும். தட்டுகள் எப்படி வைத்தாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகித்தான் உட்காரும். அவற்றை நகர்த்தக் கூடாது. எவ்வளவு விலகல் என்று துகள்களை வைத்தே அளந்து, கணக்கில் கழித்துவிட்டால் போதும். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் என் நைனாவுக்கு இதை விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"கோணலா கீதுன்னு தெரிஞ்சும் அப்டியே உட்டுட்டு, கோணலா கீதுன்னு எழுதி வெச்சிக்கினு சம்பளம் வாங்கறே. கவர்மெண்டு வேலைதான் கண்ணு."

பூஜையின் பலன்

தட்டுக்குள் வெளிச்சம் புகக் கூடாது என்று கறுப்புத் தாள் சுற்றியிருப்போம். ஆயுத பூஜையன்று எங்கள் பேராசிரியர் மேல்தட்டுக்குத் தம் கையாலேயே சாமந்தி மாலை சாத்தினார். மாலை நழுவாமலிருக்க, தாளோடு சேர்த்து நான்கு குண்டூசிகள். அந்த ஓட்டைகள் வழியாகப் போன டியூப்லைட் வெளிச்சத்தையும் கருவி மியூவான் என்றே எண்ணத் தொடங்கியது. குண்டூசியைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோதே, சார் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பாத்தியாம்மா? பூஜை முடிஞ்ச உடனே எத்தனை மியூவான் வருது!"

கமிட்டி வருகிறது

என் பணியை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வெளியூர்க் கமிட்டி வருவதாக இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் இருந்தவை மூன்று மாதம் அளந்த விலகல்கள் மட்டுமே. முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், சாரும் ஸ்டோர் கீப்பரும் நூல் பிடித்து ஆறு தட்டுகளையும் ஒரே வரிசையில் தள்ளி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. என் மூன்று மாதம் போயிற்று. "சார், அளந்ததெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"கமிட்டி முன்னாடி கோணலும் மாணலுமா நின்னா, நம்ம டிபார்ட்மெண்ட் மானம் என்னம்மா ஆகறது?"

நேற்று ஒன்றரை மணிக்கு

கமிட்டித் தலைவி கருவியை ஓட்டிக் காட்டச் சொன்னார். பழைய விலகல்களைக் கழித்ததும் துகளின் பாதை திருமலைப் படிக்கட்டு போல வந்தது. சார் முந்திக்கொண்டார்: "கொத்த அம்மாயி மேடம்." புதுப் பெண்ணாம், நான் சேர்ந்து இரண்டு வருடம். முந்தின நாள் பதிவைத் திறந்தேன். மதியம் ஒன்றரை வரை எல்லாப் பாதைகளும் நேர். அதன் பிறகு ஆறு தட்டுகளும் ஒரேயடியாகத் தாவியிருந்தன.

"ஒன்றரை மணிக்கு இங்க பூகம்பமா?" என்றார் தலைவி.

"இல்ல மேடம். சார் வந்தாரு."

கமிட்டி போனதும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். சார் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன இருந்தாலும் பாக்க அழகா இருந்துச்சா இல்லையாம்மா?"

ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது. அதில் முதல் மூன்று மாதம், சார் நேராக்கியதில் எவ்வளவு கோணல் என்று அளக்கவே போகும்.