என் கையெழுத்துப் போட்ட ஹார்ட் டிஸ்க்

யாரையும் நம்பாதவன் நான். பால்காரர் கண்ணெதிரே கறந்தாலும் சொம்பை ஒரு தடவை கவிழ்த்துக் காட்டச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நிரம்பிப்போய், கடகடவென்று சத்தமும் போட ஆரம்பித்தது. அதில் இருந்தது என் மனைவியின் குரல். பாட்டு டீச்சர் அவள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மாறலாம் என்று டாக்டர் சொன்னதால், முன்கூட்டியே அறுபது கீர்த்தனைகளை மைக்கில் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். டாக்டர் சொன்னபடியே குரல் கம்மிவிட்டது. பழைய குரல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான்.

தேனாம்பேட்டையில் கடை வைத்திருந்த மெக்கானிக் பெரிய டிஸ்க் ஒன்றோடு வந்தார். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார். பாட்டெல்லாம் புதியதில் ஏறியதும், "பழச இப்ப அழிக்க வாணாம் சார். ஒரு மாசம் அப்படியே என்னாண்ட இருக்கட்டும். புதுசு எப்ப கால வாரும்னு சொல்ல முடியாது," என்றார்.

அடப்பாவி! ஒரு மாசத்தில் கேசட் போட்டுப் பாண்டி பஜாரில் விற்றுவிடுவானே! "என் கண்ணு முன்னாடியே அழிச்சுடுங்கோ," என்றேன்.

"இன்னா சார், என்னப் பாத்தா திருடன் மாதிரியா கீது?"

அழித்துவிட்டு, முகம் வாடிப்போய்க் கிளம்பினார். எனக்கென்ன!

அதோடு விட்டேனா? நாளைக்கு ரிப்பேர் என்று எடுத்துப்போய் டிஸ்க்கையே மாற்றிவிட்டால்? பெட்டியைத் திறந்து, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் கோந்தைத் தாராளமாகத் தடவி டிஸ்க்கின் மேல் ஒட்டினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒரே கோடையில் டிஸ்க் செத்தது. மெக்கானிக் வந்து காகிதத்தை உரித்தார். அடியில் ஒரு பொடித் துளை; மூடக்கூடாது என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கோந்து உள்ளே இறங்கியிருந்தது.

"டிஸ்க்கு மூச்சு வுடுற ஓட்டை சார் இது. அழிச்சிருந்தாலும், பழசு கைல இருந்தா பாட்டத் தோண்டி எடுத்திருக்கலாம். அத்த எப்பவோ வித்துட்டேன்."

அப்போதும் நான் அடங்கவில்லை. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாக அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளிருந்து வந்த மனைவி, அந்தக் கம்மிய குரலில், "அவரை விடுங்கோ," என்றாள்.

"அவர் திருடிண்டு போயிருந்தாக்கூட, எங்கேயாவது ஒருத்தர் ஆத்துல நான் பாடிண்டிருப்பேனே."