தொப்பியில் குத்தி வைத்த கொக்கி

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். பினாங்கிலிருந்து நானும் என் மனைவியின் அண்ணனும் மாலத்தீவின் தெற்குக் கோடியில், ஆள் வசிக்காத ஒரு பவளத்தீவுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தோம். மச்சானுக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. எனக்குத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. அவ்வளவு தூரம் போய்ப் பிடிக்கிற மீனை ஒரு குழம்புக்குக்கூடக் கொண்டுவர மாட்டீர்களா என்று என் மனைவி கேட்டாள்.

ஃபிளை ஃபிஷிங் என்கிற இந்தப் பைத்தியம் அப்படித்தான். இதில் புழு, இறால் எதுவும் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிச் சின்ன மீன் போலக் கட்டி, கனமான கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே மீனுக்குக் காட்ட வேண்டும். பிடித்ததைக் காயமில்லாமல் விட்டுவிட வேண்டும். அதற்காகக் கொக்கி முனையில் இருக்கும் எதிர்முள்ளை முதலிலேயே நசுக்கிவிடுவார்கள். அது இருந்தால் குத்தியது லேசில் கழன்று வராது, சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். முதல் நாளே எங்கள் வழிகாட்டி என் கொக்கிப் பெட்டியைத் திறந்து, குறட்டால் ஒவ்வொன்றாக நசுக்கினார். மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியவை. ஒன்றை மட்டும் அவர் கண்ணில் படாமல் தொப்பியில் குத்தி வைத்துக்கொண்டேன்.

மச்சானைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் காவடி எடுக்கும்போதெல்லாம் என் முதுகில் கொக்கி குத்துவது அவர்தான். அந்தக் கொக்கிகளில் எதிர்முள் இருக்காது. காவடியை இறக்கியதும் திருநீறு வைத்து ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். இருந்தாலும் அவர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் குத்தமாட்டார். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று வருஷா வருஷம் முணுமுணுப்பேன். துணிக்கடைக்காரர் கொக்கியிலும் சரிகை தேடுகிறார் என்று தண்ணீர்ப்பந்தலில் நாலு பேர் முன்னால் கிண்டலும் செய்வேன். சிரித்துக்கொண்டே மறுபடி தடவுவார்.

மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு ஒரு பெரிய பாரை மீன் என் தூண்டிலில் மாட்டியது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது, திரும்பியது, கழன்றுவிட்டது. முள் நசுக்கிய கொக்கியின் மேல் பழியைப் போட்டேன். அதை வெட்டி எறிந்துவிட்டுத் தொப்பியில் இருந்ததை எடுத்து, அதே கோபத்தில் பரபரவென்று கட்டினேன். அதையேவா போடுகிறீர்கள் என்று மச்சான் ஒரு மாதிரியாகக் கேட்டார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

உப்புநீர் தெறித்து மங்கியதால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். தூரத்தில் இன்னொரு பாரையின் நிழல் தெரிந்தது. அவசரமாக வீசினேன். அதே நேரம் காற்று திசை மாறியது. முகத்தில் பளீரென்று ஓர் அடி. கையை வைத்துப் பார்த்தால் வலது இமையில் இறகு தொங்குகிறது. ரத்தம் வழிகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. கொக்கி இமையோடு நின்றதா, உள்ளே கண்ணையும் தொட்டதா என்று தெரியவில்லை. எதிர்முள் உள்ள கொக்கி என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவமனை இருக்கும் தீவுக்கு அரை நாள் படகுப் பயணம். கண் போனால் என் வேலை போச்சு.

மச்சான் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு கையால் என் தலையைப் பிடித்தார். வாய்க்குள் "வேல், வேல்" என்று முணுமுணுத்தபடி இன்னொரு கையைக் கொக்கிக்குக் கொண்டுபோனார். காவடி இறக்கிய பழக்கத்தில் இழுக்கப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், இழுக்காதீங்க. அதுல முள்ளு இருக்கு. கண்ணு போயிரும்."

அவர் கை அப்படியே நின்றது.

"இல்ல மாப்பிள்ளை. காலையில தொப்பிய போட்ல வெச்சிட்டு நீங்க பசியாறப் போனீங்க இல்ல, அப்ப சும்மா தடவிப் பார்த்தேன். கைப் பழக்கம். முள்ளு இருந்துச்சு, நசுக்கிட்டேன். ஏசுவீங்கன்னுதான் சொல்லல."

நான் மணிக்கட்டை விட்டேன்.

"ஆடாம நில்லுங்க லா," என்றார். ஒரே இழுப்பு. போன வழியே வந்துவிட்டது.

குடிதண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துக் கண்ணைக் கழுவினார். மெல்லத் திறந்தேன். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு, வெயிலுக்காக நெற்றி நிறைய வெள்ளைக் களிம்பு பூசி, திருநீறு வைத்தது போல நின்ற மச்சானின் முகம். மீசையில் ஒட்டியிருந்த மணல்கூடத் தெரிந்தது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். படகிலிருந்து பதறி வந்த வழிகாட்டிக்கு யாருக்கு அடிபட்டதென்றே முதலில் புரியவில்லை.

கொக்கி இமைத்தோலோடு நின்றுவிட்டது, கண்ணைத் தொடவில்லை என்று அந்தத் தீவு மருத்துவரும், பிறகு பினாங்கில் கண் மருத்துவரும் சொன்னார்கள். எதிர்முள் இருந்திருந்தால் எடுக்கும்போது இமையே கிழிந்திருக்குமாம். இமையில் இப்போது ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது.

இந்த ஆண்டும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன். மச்சான் எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கொக்கியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது, பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் பார்க்காத நேரத்தில் எனக்காக இவர் இன்னும் எத்தனை முள்ளை நசுக்கியிருக்கிறாரோ என்று நினைக்கும்போதெல்லாம் என் கண் நிறைந்துவிடுகிறது, இரண்டு கண்ணும்.