படுத்திருக்க ஒரு வழி கேட்டேன்

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம். என் வயிற்றில் பிள்ளைக்குப் பதினெட்டுக் கிழமை, நாலு மாதம் தாண்டியிருந்தது. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, பெரிய டொக்டர் அம்மா கட்டிலோரம் வந்து இருந்தா. இனிமேல் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பிள்ளை பிறக்கும் வரை படுத்தே இருக்க வேண்டும் என்று சொன்னா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முந்தி வருகிற சிரிப்பு. என் வேலையே நிற்கிற வேலை. குளிர் அறையில் எட்டு மணித்தியாலம் நின்று சாண்ட்விச் அடுக்க வேண்டும். ஏஜென்சி எடுத்துத் தந்த வேலை. நின்றால் சம்பளம், படுத்தால் ஒன்றுமில்லை. இவர், என் கணவர், பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறவர். அந்த மாதம்தான் அவருடைய ஷிப்டையும் பாதியாக வெட்டியிருந்தார்கள். மரத்தால விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதை என்று எங்கட ஆட்கள் சொல்லுவார்களே, அதேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு முன் இரண்டு பிள்ளைகளை ஐந்தாம் மாதத்தில் பறிகொடுத்தவள் நான். இரண்டு முறையும் வேலையில் நிற்கும்போதுதான் வலி வந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எங்கட சனம் அழுவதில்லை. அடுத்தது தங்கும் என்று சொல்லி மூடிவிடும். நாங்களும் மூடினோம்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். "ஆண்டவரே, வீடு கேக்கேல்லை, நகை கேக்கேல்லை. இந்தப் பிள்ளைக்காகப் படுத்திருக்க ஒரு வழி தாரும்." இதுதான் என் ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை. மூன்று நாளாக இதையே சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் எடுப்போம் என்று ஏஜென்சியில் இருந்து போன் வந்துவிட்டது. நான் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இவர் பாஸ்போர்ட் ஏதோ தேடப் போய், கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேசில் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜெபரத்தினம் அண்ணையின் இன்சூரன்ஸ்.

அண்ணை எங்கள் சபையில் மூத்தவர். பகலில் கணக்கு வேலை, பின்னேரத்தில் இன்சூரன்ஸ். ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பக்கத்தில் வந்து இருப்பார். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் அண்ணை பைலை மூடமாட்டார் என்று பொடியள் பகிடி பண்ணுவார்கள். 2003இல் மனைவி ராணி அக்காவையும் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த மனுசனை எப்படி இல்லையென்று அனுப்புகிறது? முகத்துக்காகக் கையெழுத்து வைத்தோம். நோய் வருத்தம் வந்து வேலைக்குப் போக ஏலாவிட்டால் மாதாமாதம் ஒரு தொகை வரும் என்றார். யார் காது கொடுத்துக் கேட்டது? ஆரோக்கியம் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். "அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று இவர் எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னது கேட்டது.

பிறகு அண்ணை சொன்னதைவிட வங்கியில் கூடக் காசு வெட்டியது. அண்ணை கமிஷன் அடித்துவிட்டார் என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். கேட்கவில்லை. அவர்களோடு கதை பேச்சை நிறுத்தினோம். ஆராதனையில் அவர்கள் வலப்பக்கம் இருந்தால் நாங்கள் இடப்பக்கம். இன்சூரன்ஸை நிறுத்தியிருப்போம், அதற்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டும், பஞ்சிப்பட்டு விட்டுவிட்டோம். எங்கட சோம்பலையும் கர்த்தர் பாவித்தார் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன்.

இவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். பிள்ளைப்பேற்று லீவுக்குக் காசு இல்லை என்று முதல் வரியிலேயே இருந்தது. அடுத்த வரி, கர்ப்பத்தில் சிக்கல் வந்து வேலை செய்ய முடியாது என்று டொக்டர் எழுதித் தந்தால் உண்டு என்றது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போன் பண்ணிப் படிவம் எடுப்பித்தோம். அதில் ஒரு கேள்வி: இதற்கு முன் இப்படி நடந்ததா? எப்போது?

கையெழுத்து வைத்த அன்று மறைத்திருந்தால் இன்சூரன்ஸே செல்லாது என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. இவர் பேனையை என் கையில் தந்தார்.

"இல்லையெண்டு போடு. அது வேற ஆஸ்பத்திரி. ஆர் தேடப்போகினம்?"

"தெரியவந்தால்?"

"சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறாய்? பிள்ளையை நினை."

பிள்ளையைத்தான் நினைத்தேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், அது போகட்டும். இந்தப் பிள்ளையைத் தங்கவைக்க, போன இரண்டும் இருக்கவே இல்லை என்று நானே எழுதுவதா? என்னால் ஏலவில்லை. இவர் கோபித்துக்கொண்டு வேலைக்குப் போனார். நான் படுத்தபடியே ஜெபித்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பனியின் நம்பரை அடித்தேன்.

ஒரு இளம்பெட்டை பேசினாள். எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு முன்னமே இரண்டு பிள்ளைகள் போனது, 2001இல் ஒன்று, 2002இல் ஒன்று, கையெழுத்து வைத்த அன்று சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டு ஒரு அந்நிய ஆளுக்குச் சொன்னேன்.

அவள் பொறுக்கச் சொன்னாள். தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், "நீங்கள் சொல்லியிருக்கிறீர்களே. இரண்டும் படிவத்தில் இருக்கின்றன. அதற்காகத்தான் மாதக் கட்டணம் கூட்டப்பட்டது. அப்போதே கடிதம் அனுப்பியிருக்கிறோம்."

நான் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. சபையிலும் ஒருவருக்கும் தெரியாது. யார் எழுதினது? போனை வைத்த பிறகும் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு அடுப்படியில் பைப்பைத் திறந்துவிட்டு நான் அழுதபோது ராணி அக்கா பின்னால் வந்தவ. ஏன் அழுகிறாய் என்று கேட்க, பைப் சத்தத்துக்குள் அந்த இரண்டு பிள்ளைகளையும் பற்றி ஏதோ சொன்னேன். அதை நானே மறந்துபோனேன்.

இவர் அண்ணைக்குப் போன் பண்ணினார். அடுத்த நாளே இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா என் காலடியில் இருந்துகொண்டு சொன்னா, "நான் இவரின்ட காதுக்குள்ள சொன்னன். இவர் வாய் திறக்காமல் எழுதிப்போட்டார். உங்களைக் கேட்டால் ரெண்டு பேரும் வெக்கப்படுவியள் எண்டு நினைச்சம்."

"கட்டணம் கூடுமெண்டு கடிதம் வந்திருக்குமே?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை, சூட்கேசுக்குள்ள கிடக்கு. பிரிக்கேல்லை," என்றேன். இங்கிலீஷ் கடிதம் வந்தால் சூட்கேசில் வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "அண்ணை, ரெண்டு வருசமா உங்களைக் கள்ளனெண்டு நினைச்சன்."

அண்ணை தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். "கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம், தம்பி. நீ ஒருத்தன்தான் வந்து சொன்னனி."

முதல் நான்கு கிழமை காசு வராது, அது விதி. அந்த நான்கு கிழமையும் சபைச் சகோதரிகள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். பிறகு மாதாமாதம் வந்தது. நான் படுத்திருந்தேன். ஒவ்வொரு கிழமையும் இவர் சுவரில் கோடு போட்டார். இருபத்திரண்டாம் கிழமைக் கோடு போட்ட அன்று, பழைய இரண்டும் போன கிழமை அது, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கிடந்தோம். முப்பத்தேழாம் கிழமை தையலை வெட்டினார்கள். ஆகஸ்ட் மாதம் எங்கள் மகள் பிறந்தாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்டு அந்தப் பெரிய டொக்டர் அம்மாவும் கண்ணைத் துடைத்தா. பிறகு அரசாங்கம் தருகிற பிள்ளைப்பேற்றுக் காசில் அவளோடு வீட்டில் இருந்தேன்.

அன்பான சகோதரிகளே, நான் கேட்பதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தியே, என் வீட்டு மேசையில், எனக்குத் தெரியாமல் கர்த்தர் பதிலை எழுதிவைத்திருந்தார். இன்றைக்கு எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மூன்று என்றுதான் சொல்லுகிறேன். இரண்டு ஆண்டவரிடத்தில், ஒன்று என் மடியில். இவரும் இப்போது அப்படித்தான் சொல்லுகிறார்.

பிறக்காத பிள்ளையை மனதுக்குள் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிற தாய் யாராவது இதை வாசித்தால், கர்த்தரை நம்பி வாய் திறவுங்கள். தனியாகச் சொல்லப் பயமென்றால் ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள். ராணி அக்காவும் நானும் வலப்பக்கம் மூன்றாம் வரிசையில் இருப்போம். உங்களுக்கும் இடம் பிடித்து வைக்கிறோம்.