தாடைக்கு வந்த நெஞ்சுவலி

குண்டூசி என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் கைகாட்டிவிடுவார்கள். தையல்காரி. மடிப்புப் பிடிக்கும்போது குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வரிசையாகக் கவ்விக்கொள்வாள்; அதோடேயே பேசுவாள், அதோடேயே திட்டுவாள். அப்படி வந்த பெயர். ஒல்லிக்குச்சி உடம்பு. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் சொன்னார்கள், அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"எனக்கு இரும்பு இதயம்டி. நீ உன்னைப் பாரு," என்று கடையில் கூட வேலை செய்யும் நாத்தனாரைச் சீண்டுவாள். நாத்தனார் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள்.

கடை மூன்றாவது மாடியில். படியேறினால் குண்டூசிக்குக் கீழ்த்தாடை இறுக்கிப் பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். ஊசி கவ்விக் கவ்வித் தாடை தேய்ந்துவிட்டது என்று அவளே தீர்ப்பு எழுதித் தைலமும் தேய்த்துக்கொண்டாள். யார் மறுப்பார்கள்? நாளெல்லாம் அவள் ஊசி கவ்வுவதைத்தான் ஊரே பார்க்கிறதே.

கடைக்கு வர்ணம் அடிக்க ஒரு வாரம் பூட்டினார்கள். திறக்கிற அன்று துணி மூட்டையோடு ஏறியவள் பாதிப் படியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"ஊசி வலிதான்டி."

"ஊசியைத் தொட்டே ஒரு வாரம் ஆச்சு! எந்த ஊசி?"

"பழசு மிச்சமிருக்கும்."

"வெட்டின துணி மாதிரி வலியையும் சுருட்டி வச்சிருக்கீங்களா? கிளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டரம்மா தாடையைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டார்.

"அம்மாவா? சின்ன வயசுலயே போயிட்டாங்க. மெஷின்ல தச்சுக்கிட்டே சாஞ்சுட்டாங்க."

"பிரஷர் மாத்திரை?"

"கொலஸ்ட்ரால்தான் சரியா இருக்கேன்னு நிறுத்திட்டேன்."

"அது சரியா இருக்கறது நல்லதுதான்மா. ஆனா அது ஒண்ணுதான். அம்மா வழியில வர்றது, பிரஷர், இதெல்லாம் அந்த டெஸ்ட்ல தெரியாது. நடந்தா வந்து, உக்கார்ந்தா போற தாடை வலி நெஞ்சுலேருந்தும் வரும்."

நெஞ்சுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, அன்றே குண்டூசியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். அவளுக்கு நினைவு தப்பவில்லை. சாய மருந்து பாய்ந்ததும், பக்கத்துத் திரையில் இலையுதிர்ந்த மரம் ஒன்று சட்டென்று கறுத்துக் கிளைவிட்டது. கிளைகள் துள்ளின, அடங்கின, மறுபடி துள்ளின.

"இது யாரோடது டாக்டர்?"

"உங்களோடதுதான். இதயத்துக்கு ரத்தம் போற குழாய்."

ஒரு கிளை நடுவில் நூலாய் இளைத்திருந்தது. அதற்கப்பால் மங்கல். டாக்டரம்மா குழாய் வழியாக அங்கே ஒரு சின்ன பலூனை ஊதி விரித்தார். தாடை ஒரு கணம் இறுகிப் பிறகு தளர்ந்தது. அடுத்த முறை மருந்து பாய்ந்தபோது, கறுப்பு கிளையின் நுனிவரை ஓடி நிறைந்தது. எங்கோ மறைந்திருந்த சின்னச் சின்னக் கொம்புகளெல்லாம் எழுந்து வந்தன.

அவள் மூச்சுவிடவும் மறந்து பார்த்தாள். பிறந்த நாள் முதல் இது இப்படித்தான் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் தூங்கும்போதும், சண்டை போடும்போதும். வழி அடைபட்ட பிறகும் நிற்கவில்லை.

"முடிஞ்சுதும்மா," என்று நர்ஸ் திரையை அணைக்கப் போனாள்.

"இரும்மா, அணைச்சிடாதே," என்றாள் குண்டூசி. "இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன்."